கிரீடம் முளைத்தவளின் அக்கா

கீழச்சுனையில் உலகம்மாளுக்குத் தலையில் கிரீடம் முளைத்ததும் எலுமிச்சை மரங்கள் கிளை ஒடியக் காய்த்ததும் ஒரே வருஷத்தில் நடந்ததால், பிற்பாடு அந்த வருஷத்தைப் பேச வந்தவர்கள் எல்லோரும் முதலில் எலுமிச்சையைச் சொல்லி, மண்டி வாசலில் பழம் மலையாகக் குவிந்து கிடந்ததையும் மாடுகூட முகர்ந்துவிட்டு நகர்ந்துபோனதையும் சொல்லி, அப்புறம் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, ஆமாம், அந்த வருஷம்தானே நம்ம உலகுக்குக் கிரீடம் வந்தது என்று முடிப்பார்கள். கிரீடம் வந்தவளுக்கு ஓர் அக்கா இருந்தாள், பெயர் தங்கபுஷ்பம். அந்த வருஷம் அதிகமாகப் பாடுபட்டவள் அவள்தான். அவளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

மேற்கு மலையின் காலடியில் இருந்த அந்த ஊரில் ஒரே ஒரு தியேட்டர் இருந்தது. அதன் முதலாளி திரவியம், தன் மகள் கலாவதி காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது, பிள்ளை பிழைத்துக்கொண்டால் இனிமேல் பிள்ளைகள் பார்க்கிற படத்தைத் தவிர வேறு எதையும் என் திரையில் ஓட்டமாட்டேன் என்று அம்மன் சன்னதியில் கையடித்து நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது, வளர்ந்தது, கல்யாணமாகி வடக்கே போய்விட்டது, ஆனாலும் கலாவதி டாக்கீஸில் பொம்மைப் படங்களே ஓடின. அதிலும் என்ன காரணமோ, அவருக்கு வந்து சேர்ந்த படப்பெட்டிகளில் எல்லாம் தலைக்கனம் பிடித்த ராஜாக்களே இருந்தார்கள். மழை தன்னிடம் உத்தரவு கேட்டுக்கொண்டுதான் பெய்ய வேண்டும் என்று சட்டம் போட்ட ராஜா, தன்னைவிட உயரமான மரங்களை எல்லாம் வெட்டிச் சாய்த்த ராணி, கண்ணாடிக்கு மட்டும் கும்பிடு போட்ட சக்கரவர்த்தி. ஒருவன் வாத்தாகிப்போவான், ஒருத்தி காட்டில் வழிதவறி ஆடு மேய்ப்பாள், ஒருவன் தன் அரண்மனை அடுக்களையிலேயே அடையாளம் தெரியாமல் பாத்திரம் கழுவுவான். கடைசியில் எல்லோரும் அழுவார்கள், கிரீடத்தைக் கழற்றித் தரையில் வைப்பார்கள், யாராவது ஒரு மேய்ப்பன் ஓடிவந்து கட்டிப்பிடிப்பான், பறவைகள் பாடும், லைட்டைப் போட்டுவிடுவார்கள்.

இப்படி வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, கீழச்சுனைக்காரர்கள் பணிவில் ஊறிப்போனார்கள். மினி பஸ் வந்து நின்றால் நீங்க ஏறுங்க, இல்ல நீங்க ஏறுங்க என்று ஒருவரையொருவர் கும்பிட்டுக்கொண்டே நிற்பார்கள், பஸ் யாரையும் ஏற்றாமல் போய்விடும். தங்கள் ஊரைப்போல அடக்கமான ஊர் தாலுகாவிலேயே கிடையாது என்று அவர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த ஊரிலேயே அடக்கத்தில் முதல் ஆள் தங்கபுஷ்பம். எதிரே ஆடு வந்தாலும் ஒதுங்கி வழிவிடுவாள். யாராவது அவளைப் புகழ்ந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள், ஆனால் விரல்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் பொத்துவாள். அந்தப் பேரை அவள் சும்மா வாங்கவில்லை, வருஷக்கணக்காகக் குனிந்து குனிந்து வாங்கினாள். வேறு ஒருத்தியைப் பார்த்து என்ன அடக்கமான பொம்பள என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

தங்கச்சி உலகம்மாள் இதையெல்லாம் நினைத்ததே இல்லை. கட்டிக்கொண்டவன் ரப்பர் பால் வெட்டக் கேரளாவுக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்ட பிறகு, அக்கா வீட்டுக் காம்பவுண்டுக்குள் பின்கட்டு அறையில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு, அக்காவோடேயே எலுமிச்சை மண்டியில் பழம் பிரிக்கிற வேலைக்குப் போய்வந்தாள். பசித்தால் சாப்பிட்டாள். பஸ் வந்தால், வாசலுக்குப் பக்கத்தில் நின்றால், முதல் ஆளாக ஏறி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

சாரல் விழ ஆரம்பித்த சமயத்தில் ஒருநாள் காலையில் அவள் அக்காவின் அடுக்களை வாசலில் வந்து நின்று, "யக்கா, தலையில என்னமோ முட்டுதுக்கா, பல்லு முளைக்க மாதிரி நமநமன்னு இருக்கு, பாரேன்" என்றாள். தங்கபுஷ்பம் எட்டிப் பார்த்து, கட்டியாக இருக்கும், மஞ்சளைக் குழைத்துப் போடு என்றாள். மஞ்சளுக்கு அது கேட்கவில்லை. அந்த மாசம் முடிவதற்குள், தந்தத்தின் நிறமும் மாட்டுக்கொம்பின் மினுமினுப்புமாக, ஒவ்வொரு முனையின் அடியிலும் குன்றிமணிபோல ஒரு சிவப்புப் புள்ளியோடு, ஐந்து முனைகள் கூடிய ஒரு கிரீடம் உலகம்மாளின் உச்சந்தலையைச் சுற்றி முளைத்து நின்றது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம்தான் கீழச்சுனைக்கே உரியது. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா தட்டிப் பார்த்தாள், வலிக்கிறதா என்று கேட்டாள், இல்லை என்றதும், வலிக்காததுக்கு என்னிடம் மருந்து கிடையாது, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டிக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மினி பஸ் கண்டக்டர், கிரீடம் மேல் கம்பியில் இடிப்பதால், அவளுக்கு மட்டும் டிரைவருக்குப் பின்னால் இருந்த தாழ்ந்த சீட்டைக் காலியாக வைத்தான். பூசாரி, திருநீற்றை நெற்றியில் பூசுவதா கிரீடத்தில் பூசுவதா என்று யோசித்து இரண்டிலும் பூசினார். மண்டியில் மற்றப் பெண்கள் தலையில் சும்மாடு கூட்டிக் கூடையைத் தூக்கி வைத்து, அது சரிந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடக்கையில், உலகம்மாளின் கூடை அந்த ஐந்து முனைகளுக்கு நடுவில் செய்துவைத்ததுபோல் உட்கார்ந்தது, அவள் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தாள்.

வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றைக் குடித்தாற்போல, தங்கபுஷ்பத்தின் நெஞ்சுக்குழியில் ஓர் எரிச்சல் பிறந்தது. தங்கச்சி நகை போட்டிருந்தால் இப்படி எரிந்திருக்காது, வீடு கட்டியிருந்தாலும் எரிந்திருக்காது. பழம் பிரிக்கும்போது கை தன்பாட்டுக்குப் பிரிக்கும், மனசு ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடும். கழற்றி வைக்க ஒன்று இருந்தால்தானே கழற்றி வைக்க முடியும்? வெறுந்தலையோடு ஒருத்தி ஆயுசு முழுக்கக் குனிந்தாலும் அது வெறும் குனிதல்தான். கிரீடம் உள்ளவள் ஒருநாள் குனிந்தால் போதும், ஊரே அழும், யாராவது ஓடிவந்து கட்டிப்பிடிப்பார்கள், பறவை பாடும். எத்தனை படம் பார்த்திருக்கிறாள். எந்தப் படத்திலாவது கடைசிக் காட்சியில் ராஜாவின் அக்காவைக் காட்டியிருக்கிறார்களா?

நானாக இருந்தால் எவ்வளவு அழகாகக் கழற்றி வைத்திருப்பேன் என்று நினைத்தபோது அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

கிரீடம் தலைக்கனம் உள்ளவர்களுக்குத்தான் என்று படங்களில் தெளிவாகக் காட்டியிருந்ததால், தங்கபுஷ்பம் யாருக்கும் தெரியாமல் தலைக்கனத்தைப் பழக ஆரம்பித்தாள். முதலில் கோழிகளிடம் பழகினாள். நான் வரும்போது எழுந்து நிற்க வேண்டும் என்று அவற்றை அதட்டினாள். அப்புறம் புருஷனிடம். அணைஞ்சபெருமாள் சைக்கிள் கடை வைத்திருந்தார், பஞ்சர் ஒட்டுகிற கையால் பூனையைத் தடவினால்கூடப் பூனை தூங்கிவிடும், அப்படிப்பட்ட மனுஷர்.

"இங்க பாருங்க, இனிமே தண்ணிய நீங்கதான் எடுத்துட்டு வரணும். நான் ஒரு தடவதான் சொல்லுவேன்."

"ஏளா, காய்ச்சலா அடிக்கு?" என்றபடி அவர் குடத்தை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்து வந்தார். மறுநாள் சொல்லாமலே பிடித்து வந்தார். அவள் அவர் முன்னால் தலையைக் குனிந்து, "உச்சியில என்னமாச்சும் தெரியுதா, நல்லாப் பாருங்க" என்றாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நரை தெரியுது" என்றார்.

இதற்கிடையில் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியின் இடைவேளையில் திரவியம் முதலாளி திரைக்கு முன்னால் ஏறி நின்று, இரண்டு கையையும் கூப்பி, பேசத் தகுதியில்லாத நான் பேசுகிறேன் என்று தொடங்கினார். "நம்ம உலகுக்குக் கிரீடம் வந்திருக்கு. கிரீடம் இருக்குன்னா உள்ள தலைக்கனம் இருக்குன்னுதான அர்த்தம்?"

"அவ அப்படி ஆள் இல்லையே மொதலாளி" என்றது ஒரு குரல்.

"வெளிய கொஞ்சங்கூடத் தெரியலைன்னா, எம்புட்டு ஆழத்துல கிடக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

இவ்வளவு நாளாகத் தங்கள் கண்ணுக்கு முன்னால் ஒருத்தி ஆபத்தில் இருந்திருக்கிறாளே என்று எல்லோருக்கும் பதறியது. கதவுக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக நின்றிருந்த தங்கபுஷ்பம் மெல்லிய குரலில் சொன்னாள்: "கூடப்பிறந்தவ, எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அந்த ராஜா பாத்திரம் கழுவினப்புறம்தானே அவருக்குப் புத்தி தெளிஞ்சுது?" எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பாரேன், தங்கச்சிக்காக இவள் எவ்வளவு தாழ்ந்து வருகிறாள் என்று ஒருத்தி சொல்ல, தங்கபுஷ்பம் காதைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் முதல் வீட்டுக்கு வீடு உலகம்மாளைக் கூப்பிட்டார்கள். ஒருத்தி அண்டாவைத் தேய்க்கக் கூப்பிட்டாள், ஒருத்தி தொழுவத்தைக் கூட்ட, ஒருத்தி காய்ச்சலில் கிடந்த மாமியாரைக் குளிப்பாட்ட. எல்லாம் அன்பாகவே நடந்தது. சாணியை அள்ளிக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்து, உன் நல்லதுக்குத்தான் உலகு என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். உங்க வீட்டுக்கு எப்ப வந்தா, எங்க வீட்டுக்கு ஏன் இன்னும் வரல என்று தங்களுக்குள் மனஸ்தாபப்பட்டுக்கொண்டார்கள். முதலில் அவளும் அக்கம்பக்கத்து ஒத்தாசை என்றே செய்தாள். மண்டி வேலைக்கும் போய்விட்டு வந்து ஊர் வேலையும் செய்ததில் அவள் கன்னம் ஒட்டிப்போனது, கிரீடம் மட்டும் தேறிக்கொண்டே வந்தது. ஒரு சாயங்காலம் அக்காவின் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"யக்கா, இதெல்லாம் எதுக்குக்கா?"

"உன் நல்லதுக்குத்தான்ட்டி."

"எனக்கு என்ன கேடு வந்துச்சு?"

தங்கபுஷ்பம் அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

ஆனி மாசம் கடைசியில் கிரீடத்தை இறக்கி வைக்கிற விழாவைத் தியேட்டரிலேயே வைத்தார்கள். திரைக்கு முன்னால் பட்டு விரித்த ஒரு மணைப்பலகை. மேய்ப்பன் வேண்டும் என்பதால் ஆடு வைத்திருந்த ஒருவரைக் குளித்துவிட்டு வரச் சொல்லி ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். உலகம்மாளை மேடையேற்றி, ம், கழற்று என்றார் திரவியம். அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வரவில்லை என்றாள். இரண்டு பெண்கள் உதவிக்கு வந்தார்கள். அப்புறம் நான்கு பேர். யாரோ கொஞ்சம் பலமாகத் திருகியபோது அவள் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் கலைந்து பறந்தன. அவள் காதுக்குப் பின்னாலிருந்து மெல்லியதாக ரத்தம் இறங்கி ஜாக்கெட்டை நனைத்தது.

எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள். அவரவர் கையை அவரவர் சேலையிலும் வேட்டியிலும் துடைத்துக்கொண்டு நின்றார்கள். பட்ட பாடு இன்னும் பத்தவில்லை போல என்று ஒருவர் முனகினார். அடுத்து என்ன என்று யாருக்கும் தோன்றாத அந்த நேரத்தில், கதவோரத்திலிருந்து தங்கபுஷ்பத்தின் குரல் வந்தது.

"காட்டுக்குப் போனாத்தான் இறங்கும். அந்த ராணிக்கு அப்படித்தானே இறங்குச்சு?"

உலகம்மாள் ரத்தத்தைத் துடைக்கவில்லை. கூட்டத்தின் தலைகளைத் தாண்டிக் கதவையே பார்த்தாள். "நீயா சொல்லுத?" என்றாள்.

எலுமிச்சை ஏற்றிவர மலைக்குப் போகிற ஜீப்பில், ஒரு பாய், ஒரு சட்டி, இரண்டு சேலையோடு அவளை மலைக்காட்டுக்குள் இருந்த மேலச்சுனைக்கு அனுப்பிவைத்தார்கள். ஊரே வந்து வழியனுப்பியது, ஊரே அழுதது. படத்தில் அழுவதுபோலவே அது நெஞ்சுக்கு இதமான அழுகையாக இருந்தது. தங்கபுஷ்பமும் அழுதாள். அவளுக்கு மட்டும் இதமாக இல்லை.

தங்கச்சி கண்ணிலிருந்து மறைந்தால் எரிச்சல் தணிந்துவிடும் என்று நினைத்திருந்தாள், தணியவில்லை. கீழே இருந்தபோது உலகு வெறும் உலகாகத்தான் இருந்தாள், காட்டுக்குப் போனதும் பெரிய ஆளாகிவிட்டாள். மழை பெய்தால், பாவம் காட்டில் நனைவாளே என்றார்கள். வெயிலடித்தால், காட்டில் காய்வாளே என்றார்கள். பிள்ளைகள் சிலேட்டில் ஐந்து முனை போட்டு அதற்குக் கீழே கண்ணும் மூக்கும் வரைந்தன. ஆட்டுக்குத் தங்கபுஷ்பம் வழிவிட்டு நின்றதை இப்போது யாரும் கவனிக்கவில்லை, ஆடுகூடக் கவனிக்கவில்லை. பின்கட்டு அறையின் பூட்டிய கதவைக் கடக்கும்போதெல்லாம், உள்ளே ஆளே இல்லாத அந்த அறையைப் பார்த்து அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

ஆவணி பிறந்ததும் உலகைக் கூட்டிவருவது என்று முடிவாயிற்று. மண்டிக்கு முன்னால் பந்தல் போட்டார்கள், மேளத்துக்குச் சொல்லிவைத்தார்கள். "இந்தத் தடவ இறங்கலைன்னா?" என்று கேட்டவர்களுக்குத் திரவியம் பதில் வைத்திருந்தார். மாட்டுக்குக் கொம்பு சீவுகிறவரை ரம்பத்தோடு வரச் சொல்லியிருந்தார். "கொம்பு மாதிரிதானே, வலிக்காது. அவ நல்லதுக்குத்தானே செய்யுதோம்."

கூட்டிவரப் போக வேண்டியது யார் என்பதில் சந்தேகமே இல்லை. கூடப்பிறந்தவள்தான்.

மேலச்சுனை ஜீப் டிரைவர் மலைக்காரர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர். உலகு எப்படி இருக்கிறாள் என்று தங்கபுஷ்பம் கேட்டாள். இருக்கு என்றார். கிரீடம்? அதுவும் இருக்கு என்றார். மேலச்சுனையில் பத்துப் பன்னிரண்டு வீடுகளும் அதைச் சுற்றி எலுமிச்சைத் தோப்புகளும் தவிர வேறொன்றும் கிடையாது, தியேட்டர் கிடையாது, அங்கிருந்தவர்கள் பொம்மைப் படம் ஒன்றையும் பார்த்ததும் கிடையாது. அதனால் தலையில் கிரீடத்தோடு ஒருத்தி வந்து இறங்கியபோது, கழுத்து வலிக்குமே என்று கேட்டுவிட்டு, மேல்தோப்பில் காட்டுப்பன்றி தொந்தரவு, காவலுக்கு ஆள் இல்லை, இருக்கிறாயா என்று கேட்டார்கள். அவளும் இருக்கிறேன் என்றாள்.

தங்கபுஷ்பம் தோப்புக்குள் ஏறிப்போனபோது, உலகம்மாள் மோட்டார் அறைப் படியில் காலை நீட்டி உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். கன்னம் பழையபடி நிறைந்திருந்தது. கிரீடத்தின் ஒரு முனையில் மோட்டார் அறைச் சாவி தொங்கியது.

"வாக்கா. சாப்பிட்டியா?"

தங்கபுஷ்பம் மூச்சு வாங்கிக்கொண்டே, ஏறும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததைச் சொன்னாள். "ஊரே உனக்காகக் காத்துக்கிட்டிருக்குட்டி. பந்தல் போட்டாச்சு. நீ அடக்கம் கத்துக்கிட்டியா?"

உலகம்மாள் அந்தக் கேள்வியை உண்மையாகவே யோசித்தாள். கஞ்சியின் அடியில் கிடந்த வெங்காயத்தை எடுத்துக் கடித்துக்கொண்டே யோசித்தாள்.

"இல்லக்கா. வேற ஒண்ணு கத்துக்கிட்டேன். முடியாதுன்னு சொல்லக் கத்துக்கிட்டேன். மொதல்ல காட்டுப்பன்னிகிட்டதான் சொல்லிப் பார்த்தேன். கேட்டுச்சு."

அதற்கு எந்தப் படத்திலும் பதில் இல்லை. உலகம்மாள் கையைக் கழுவிவிட்டு, உள்ளே போய் ஒரு சீப்பை எடுத்துவந்தாள். "நல்ல நேரத்துலதான் வந்த. பின்னால முடியெல்லாம் சடை விழுந்துட்டு. இது இருக்கதால கை போக மாட்டேங்கு. கொஞ்சம் எடுத்துவிடேன்."

அக்கா மேல்படியிலும் தங்கச்சி கீழ்ப்படியிலும் உட்கார்ந்தார்கள். தங்கபுஷ்பம் அதுவரை அந்தக் கிரீடத்தைத் தொட்டதில்லை. சடையைப் பிரிக்க ஒரு கையால் அதைப் பிடித்தபோதுதான், கொம்பைப்போலக் குளிர்ந்திருக்கும் என்று நினைத்தது காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றிபோலக் கதகதவென்று இருப்பதை அறிந்தாள். அடியில், தோலோடு அது சேருகிற இடத்தில், பச்சையாக ஒரு நரம்பு ஓடியது. விரலை வைத்தாள். துடித்தது. உலகம்மாளின் முதுகு ஏறி இறங்க ஏறி இறங்க, அதுவும் கூடவே துடித்தது.

மண்டி வாசலில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிற ஆளை அவள் நினைத்துக்கொண்டாள். இதை அறுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல டாக்டரம்மா தேவையில்லை.

அந்த நேரத்திலும், அந்தத் துடிப்பின் மேல் விரல் இருந்த நேரத்திலும், இது ஏன் என் தலையில் வரவில்லை என்றே அவள் மனசு கேட்டது. அதை நினைத்ததும் அவளுக்கே தன்மேல் பயம் வந்துவிட்டது.

"உலகு, எனக்குப் பொறாமைட்டி" என்றாள்.

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும். கூடை அதுல உக்காருதுல்லா, அதுக்கு. கண்டக்டர் சீட்டு போட்டு வச்சிருந்தாம்லா, அதுக்கு. பாத்திரம் தேய்க்க விடச் சொன்னது நான். காட்டுக்குன்னு சொன்னதும் நான். நீ கழற்றி வைக்கப்போறியேன்னு தாங்கல. கழற்ற முடியலன்னதும் அதுவும் தாங்கல."

உலகம்மாள் திரும்பவில்லை.

"பொறாமை மட்டுந்தானா?" என்றாள். "நீ என்னைய வெறுத்துட்டியோன்னுல்லா நினைச்சு இத்தன நாளும் அழுதுக்கிட்டிருந்தேன்."

தங்கபுஷ்பம் ரம்பத்தைப் பற்றிச் சொன்னாள். உலகம்மாளின் கை தானாகவே கிரீடத்துக்குப் போனது. நான் வரமாட்டேன் என்றாள். வரலைன்னா அவங்க மேல வருவாங்க என்றாள் அக்கா. வரட்டும் என்று சொன்னாலும், உலகம்மாளின் குரலில் பன்றியை விரட்டுகிற பலம் இல்லை. பன்றிகள் அவள் நல்லதை நினைத்து வருவதில்லை.

ஜீப் கிளம்பும் நேரத்துக்குள் தங்கபுஷ்பம் சடையைப் பிரித்து முடித்தாள். "மேல்தோப்பைவிட்டு ஜீப் ரோட்டுப் பக்கம் இறங்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப்போனாள்.

மண்டி முன்னால் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. ஜீப்பிலிருந்து அவள் மட்டும் இறங்கியதும் மேளம் ஒவ்வொன்றாக நின்றது. திரவியம் முன்னால் வந்தார். "உலகு எங்க? கிரீடம் இறங்கலியா?"

"இறங்கிட்டு" என்றாள் தங்கபுஷ்பம். கூட்டத்தில் ஆ என்று ஒரு சத்தம் எழுந்தது. "நான் போகையிலேயே கழற்றித் தரையில வச்சிருந்தா. எடுத்துட்டுப் போ, ஊருல காட்டுன்னு எங்கிட்டதான் குடுத்தா."

"எங்க, எங்க?"

"ஓடையில எறிஞ்சுட்டேன்."

யாருக்கும் விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார்கள். திரும்பச் சொன்னாள். "கையில வாங்கினதும் தாங்க முடியல. அவளுக்கு மட்டும் எதுக்குன்னு வந்துச்சு. சுழல் பார்த்து எறிஞ்சுட்டேன். அவ இனி கீழ வரமாட்டா, என் மூஞ்சில முழிக்க மாட்டாளாம்."

இத்தனை வருஷமாகப் பார்த்த படங்களில் கடைசிக் காட்சியை யாரும் அவர்களிடமிருந்து பறித்ததில்லை. பந்தலுக்குக் கீழே நின்ற அத்தனை பேர் முகத்திலும் ஏறிய கோபத்தைத் தங்கபுஷ்பம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பொறாமை பிடிச்சவ என்று முதலில் ஒருத்தி சொன்னாள். அப்புறம் எல்லோரும் சொன்னார்கள். எம்புட்டு நடிப்பு, எத்தன வருஷ நடிப்பு என்றார்கள். கொம்பு சீவுகிறவர் தன் ரம்பத்தைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுத்துச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. ஓடைக் கதை மட்டும்தான் பொய், மற்றதெல்லாம் அவர்கள் சொன்னதுபோலத்தான். யாரும் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. பந்தல்காரர்கள் துணியை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டில் அணைஞ்சபெருமாள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். "ஏளா, நீ அப்படிச் செய்யக்கூடிய ஆளா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "கையில கிடைச்சிருந்தா செஞ்சிருப்பேன்" என்றாள்.

அவர் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

கீழச்சுனை அதையும் எடுத்துக்கொண்டது. ஓடையில் தண்ணீர் வற்றும்போதெல்லாம் ஆட்கள் இறங்கிக் கிரீடத்தைத் தேடினார்கள், பளபளக்கிற கல்லையெல்லாம் பொறுக்கி வந்து கோயிலில் வைத்தார்கள். அடம்பிடிக்கிற பிள்ளைகளுக்குத் தங்கபுஷ்பத்தின் கதையைச் சொன்னார்கள். மண்டியில் அவள் பிரித்த பழத்தை இன்னொருத்தி மறுபடியும் பிரித்துப் பார்த்தாள். சனிக்கிழமைதோறும் அவள் எண்ணெய்க் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் மலைக்குப் போவதைப் பார்த்தவர்கள், சுழலில் கிடப்பதைத் தேடப் போகிறாள், தேடட்டும், புத்தி வரட்டும் என்றார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஜீப் டிரைவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

மோட்டார் அறைப் படியில் அவள் தங்கச்சியின் முடியைச் சிக்கெடுப்பாள். சில நாள், மனசு எரிகிற நாட்களில், வேண்டியதைவிடக் கொஞ்சம் பலமாகவே இழுப்பாள்.

"மெதுவாக்கா."

"மெதுவாத்தான இழுக்கேன்."

கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை அப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போது, பின்பக்கம், பழைய முனைகள் இரண்டுக்கு நடுவில், கன்றுக்குட்டிக் கொம்புபோல இளசாக ஆறாவது முனை ஒன்று முளைத்து வருவதைத் தங்கபுஷ்பம் பார்த்தாள். உலகம்மாளுக்கு அது இன்னும் தெரிந்திருக்கவில்லை. அக்கா கொஞ்ச நேரம் அதையே முறைத்துப் பார்த்தாள். நெஞ்சுக்குழி எரிய, வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு, குப்பியைச் சாய்த்து உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி, அதற்கும் நோகாமல் தடவிவிட்டாள்.